எழுதிய நாள் எது? – போர்க்கள நாட்குறிப்புகளும் வரலாற்றுச் சான்றும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, நம் பங்கின் இளைஞர் மன்றத்தில் போரும் மனச்சான்றும் என்னும் பொருள் பற்றிப் பேசும் வாய்ப்பு நமக்கு வாய்த்தது. 1937 டிசம்பரில் ஜப்பானியப் படை அன்றைய சீனக் குடியரசின் தலைநகரான நான்ஜிங்கைக் கைப்பற்றியபோது நிகழ்ந்த கொடுமைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டோம். அப்படையில் பணியாற்றிய அசுமா ஷிரோ என்பவரின் நாட்குறிப்பில் வரும் ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே எடுத்துரைத்தோம். சீனர் ஒருவரைத் தபால் பைக்குள் திணித்து, பெட்ரோல் ஊற்றித் தீ வைத்து, கையெறி குண்டுகளையும் பிணைத்துக் குளத்தில் எறிந்தார்கள் என்பது அந்நிகழ்ச்சி. மன்றம் உறைந்துபோயிற்று. நம் பேச்சின் வன்மையே அதற்குக் காரணம் என்று அன்றிரவு நாம் உள்ளூர மகிழ்ந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

மூன்று வாரங்கள் கழிந்தன. கல்லூரியில் வரலாறு பயிலும் மாணவர் ஒருவர் ஞாயிறு திருப்பலிக்குப் பின் நம்மிடம் வந்தார். “சாமி, நீங்க சொன்ன அந்தத் தபால் பை சம்பவம் உண்மையில்லைன்னு ஜப்பான் நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்காமே? அப்போ நான்ஜிங் படுகொலையே கட்டுக்கதைதானா சாமி?” என்று கேட்டார். அவர் குரலில் ஏளனம் இல்லை, ஏமாற்றம் இருந்தது. நம்மிடம் விடை இல்லை. தேடிப் படித்துவிட்டுச் சொல்வதாகக் கூறி அவரை அனுப்பி வைத்தோம். அத்தேடலில் நாம் கண்டவற்றையே வாசகர்கள் முன் வைக்க விழைகிறோம்.

முதலில் அந்த வழக்கு. அசுமா ஷிரோ கியோத்தோவைச் சார்ந்த 16-ஆம் டிவிஷனின் 20-ஆம் காலாட்படைப் பிரிவில் பணியாற்றியவர். தம் நாட்குறிப்பை அடிப்படையாகக் கொண்ட நூலை 1987-இல் வெளியிட்டார். அதே ஆண்டில் நான்ஜிங் சென்று மன்னிப்பும் கேட்டார். 1993-இல் அவருடைய முன்னாள் மேலாள் ஒருவர், தபால் பைக் கொடுமையைத் தாம் செய்ததாக அந்நூல் கூறுவது பொய் என்றும், அதனால் தம் நற்பெயர் கெட்டது என்றும் வழக்குத் தொடர்ந்தார். 1996-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றமும், 1998-இல் உயர் நீதிமன்றமும் அசுமாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. 2000 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2006-இல் அசுமா மறைந்தார்.

நீதிமன்றம் சுட்டிய குறைகளுள் இரண்டு நம் சிந்தனைக்கு உரியவை. தீயும் குண்டும் சேர்ந்த பையைக் கையில் தூக்கி எறிபவன் தானும் சாகக்கூடும். ஆகவே சொல்லப்பட்ட விதத்தில் அது நடந்திருப்பது அரிது என்பது ஒன்று. மற்றொன்றே அடிப்படையானது. அசுமா வழங்கிய நாட்குறிப்பு போர்க்களத்தில் அன்றன்று எழுதப்பட்டதன்று. சீனாவிலிருந்து நாடு திரும்பிய பின், கையடக்கக் குறிப்பேட்டைக் கொண்டு விரித்துப் படியெடுத்தது. அந்நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லப்பட்ட நாட்களுக்குரிய மூலக் குறிப்பேட்டை அவரால் நீதிமன்றத்தில் காட்ட இயலவில்லை.

‘நாட்குறிப்பு’ என்னும் சொல் நம்மை எவ்வளவு எளிதில் ஏமாற்றிவிடுகிறது! தேதி இட்டிருந்தால் அது அத்தேதியில் எழுதப்பட்டது என்று மனம் தானாகவே கொள்கிறது. குருமடத்தில் விவிலியக் கையெழுத்துப் படிகளை ஒப்புநோக்கும் முறையைப் பயின்றவர் நாம். படியெடுப்பவன் கை எங்கெல்லாம் நுழையும் என்று மூன்று ஆண்டுகள் கேட்டவர். புரியாததை அவன் விளக்குவான், கடுமையானதை மென்மையாக்குவான், ஓரக்குறிப்பை உள்ளே இழுத்துவிடுவான் என்றெல்லாம் தேர்வும் எழுதினோம். இருந்தும் மன்றத்தில் பேசுமுன், இது மூலமா படியா என்று நாம் ஒரு முறையேனும் கேட்கவில்லை. ஏன்? அந்நிகழ்ச்சி நம் பேச்சுக்கு மிகவும் பொருத்தமாக இருந்தது. வேறு காரணம் ஏதுமில்லை.

எனினும் படியெடுத்தது என்பதாலேயே ஒன்றைத் தள்ளிவிடவும் கூடாது. நான்ஜிங்கில் பாதுகாப்பு மண்டலக் குழுவின் தலைவராக இருந்த ஜெர்மானிய வணிகர் ஜான் ராபேயும் தம் குறிப்புகளைத் தாயகம் திரும்பிய பின்பே சீராக்கினார். ஆனால் அவருடைய குழு ஜப்பானியத் தூதரகத்துக்கு அன்றன்று அனுப்பிய முறையீட்டுக் கடிதங்கள் தனியே 1939-இலேயே அச்சேறிவிட்டன. ராபே பின்னாளில் எதைக் கூட்டினாலும் குறைத்தாலும் அக்கடிதங்கள் காட்டிக்கொடுத்துவிடும். அசுமாவின் அந்த ஒரு பக்கத்துக்கு அத்தகைய துணைச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. ஆக, நாம் கேட்க வேண்டியது முழு நாட்குறிப்பும் மெய்யா பொய்யா என்பதன்று. இந்த வரி எப்போது எழுதப்பட்டது, எதைப் பார்த்து எழுதப்பட்டது, எதனோடு ஒத்துப் பார்க்க முடியும் என்பதே.

இனி, நம்மை மிகவும் சிந்திக்க வைத்த இன்னொரு நாட்குறிப்புக்கு வருவோம். நான்ஜிங்கைத் தாக்கிய படைகள் அனைத்துக்கும் தலைமை தாங்கியவர் தளபதி மட்சுயி இவானே. கொடுமைகளைத் தடுக்கத் தவறினார் என்று டோக்கியோப் போர்க்குற்ற நீதிமன்றம் தீர்ப்பளிக்க, 1948 டிசம்பர் 23 அன்று தூக்கிலிடப்பட்டவர். அவருடைய போர்க்கள நாட்குறிப்பை 1985-இல் தனாகா மசாகி என்பவர் பதிப்பித்தார். தனாகா முன்பு மட்சுயிக்குச் செயலாளராக இருந்தவர். நான்ஜிங் படுகொலை என்பதே புனைவு என்று எழுதி வந்தவர். நாட்குறிப்பு வெளிவந்ததும், தளபதியின் கையாலேயே மறுப்புச் சான்று கிடைத்துவிட்டது என்று ஒரு சாரார் மகிழ்ந்தனர்.

அம்மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. இதாகுரா யோஷியாகி என்னும் ஆய்வாளர் மூலக் கையெழுத்தோடு அச்சுப் பிரதியை வரிவரியாக ஒப்பிட்டார். 900-க்கும் மேற்பட்ட இடங்களில் வேறுபாடு இருப்பதை அதே ஆண்டிலேயே வெளிப்படுத்தினார். சில சொற்கள் விடப்பட்டிருந்தன, சில மாற்றப்பட்டிருந்தன, மூலத்தில் இல்லாத வாசகங்களும், படுகொலை நிகழவில்லை என்னும் கருத்துக்குத் துணைபுரியும் வகையில், நுழைந்திருந்தன. கையெழுத்தைப் படிக்க இயலாமையும் கவனக்குறைவுமே காரணம் என்று தனாகா விளக்கமளித்தார். கவனக்குறைவு எப்போதும் ஒரே பக்கம் சாய்வதில்லை என்பது அச்சுப்பிழை திருத்திப் பழகியவர் எவருக்கும் தெரியும். நம் பங்கு மடலிலேயே மாதந்தோறும் பிழைகள் மலிகின்றன. ஆனால் அவை ஒருபோதும் ஒரு கட்சிக்காக வாதாடியதில்லை.

இதில் நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது இதாகுராவைப் பற்றியே. அவர் தனாகாவின் எதிர்முகாமைச் சார்ந்தவரல்லர். கொல்லப்பட்டோர் தொகையைச் சீனா மூன்று இலட்சம் என்கிறது. டோக்கியோ நீதிமன்றம் இரண்டு இலட்சத்துக்கு மேல் என்றது. ஜப்பானிய வரலாற்றாசிரியர் ஹாத்தா இகுஹிகோ ஏறத்தாழ 40,000 என்றார். இதாகுராவோ அதனினும் மிகக் குறைந்த தொகையையே ஏற்றவர். தனாகாவின் பதிப்பு அப்படியே நிலைத்திருந்தால் அவருடைய வாதத்துக்கு ஊறு ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் மூலத்தின் பக்கம் நின்றார். அவருடைய தொகையை நாம் ஏற்பதில்லை. ஆயினும் அசுமாவின் பக்கத்தைச் சரிபாராமல் பேசிய நாம், இந்த ஒரு செயலில் அவரிடம் பாடம் கற்க வேண்டியவராகவே இருக்கிறோம்.

கூட்டல்களை நீக்கிய பின், மூல நாட்குறிப்பு சொல்வதென்ன? மட்சுயி படுகொலையை வருணிக்கவில்லை. அவர் பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருந்தவர், நோயுற்றிருந்தவர், டிசம்பர் 17 அன்றுதான் வெற்றி அணிவகுப்போடு நகருக்குள் நுழைந்தவர். டிசம்பர் 20 அன்றைய குறிப்பில், தம் படையினர் சிறிது கொள்ளையும் வன்புணர்வும் செய்ததாகத் தெரிகிறது என்றும், ஓரளவுக்கு அது தவிர்க்க முடியாததே என்றும் எழுதுகிறார். சில நாட்களில் மீண்டும் அத்தகைய செய்திகள் காதில் விழுகின்றன என்று சலித்துக்கொள்கிறார். இவ்வளவே. ஆனால், ‘தவிர்க்க முடியாதது’ என்று அவர் எழுதியது எவருக்கும் காட்டுவதற்காக அன்று. பின்னாளில் குற்றவாளிக் கூண்டில் நிற்கப்போகும் ஒருவர், அது தெரியாத நாளில், தம்மையறியாமல் தமக்கெதிராகவே அளித்த சாட்சியம் அது. கடினமான பாடமே மூலத்துக்கு நெருக்கமானது என்று கையெழுத்து ஆய்வாளர் சொல்வது வழக்கம். எழுதியவருக்குச் சங்கடம் தரும் வரியைப் பின்னால் வந்தவர் எவரும் ஆசையோடு சேர்த்திருக்க மாட்டார் அல்லவா?

மூன்றாவது நாட்குறிப்பு இன்னும் கொடியது. அசுமா இருந்த அதே 16-ஆம் டிவிஷனின் தளபதி நகஜிமா கெசாகோ எழுதியது அது. 1984-இல் ஜப்பானிய வரலாற்றிதழ் ஒன்றில் வெளியாயிற்று. அவர் 1945-லேயே இறந்துவிட்டார். எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லை. நகரம் வீழ்ந்த டிசம்பர் 13 அன்றைய குறிப்பில், கைதிகளை வைத்துக்கொள்வதில்லை என்பதே பொதுவான கொள்கை என்று எழுதியிருக்கிறார். இந்த வரியைக் கொண்டு ஒரு விவாதமே மூண்டது. கைதிகளை வைத்துக்கொள்வதில்லை என்றால், படைக்கலங்களைப் பறித்துக்கொண்டு விடுவிப்பது என்றே பொருள் என வாதிடுவோர் உளர். வரியை மட்டும் தனியே எடுத்தால் அப்படியும் கொள்ளலாம்தான்.

வரியைத் தனியே எடுப்பதுதான் பிழை. அதே நாளின் குறிப்பில் தொடர்ந்து வருவது என்ன? தைப்பிங் வாயிலருகே ஒரு சிறு படைத்தலைவர் 1,300 பேரைத் ‘தீர்த்ததாக’ வருகிறது. இன்னும் ஏழெட்டாயிரம் பேரைத் தீர்க்கப் பெரியதோர் அகழி வேண்டும், அது எளிதில் கிடைக்கவில்லை என்று வருகிறது. விடுதலை செய்ய அகழி எதற்கு? நண்பகலில் வாள்வித்தை ஆசான் ஒருவர் வந்தார், கைதிகள் எழுவர் இருந்தனர், வாளைச் சோதித்துப் பார்த்தோம் என்பதும் அதே நாளில், அதே கையெழுத்தில் இருக்கிறது. இங்கே பதிப்பாசிரியன் கை புகவில்லை. படியெடுத்தவன் கற்பனையும் இல்லை. அசுமாவின் தபால் பைக் கதையில் இருந்த கொடூர வருணனையும் இல்லை. இடவசதி போதவில்லையே என்று ஓர் அதிகாரி கவலைப்படும் குரல் மட்டுமே கேட்கிறது. அந்தக் குரலின் சலனமின்மையே அதன் உண்மைக்குச் சான்று என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் நடையைக் கொண்டு உண்மையை அளப்பது ஆபத்தான வேலை. நல்ல பொய்யனும் சலனமின்றி எழுத வல்லவன். எனவே வேறு சான்று தேடினோம்.

அது கிடைத்தது அசுமாவின் சொந்தப் படைப்பிரிவிலேயே. தனி மனிதர் நாட்குறிப்பு ஒன்று; படைப்பிரிவின் அலுவல் நாட்குறிப்பு வேறொன்று. பின்னது எழுத்தர் ஒருவரால் அன்றாடம் எழுதப்படுவது. எத்தனை மணிக்குப் புறப்பாடு, எத்தனை தோட்டா செலவு, யாருக்குக் காயம் என்று கணக்குப் பிள்ளையின் பேரேடு போலிருக்கும். 1945 ஆகஸ்டில் சரணடையும் வேளையில் ஜப்பானிய இராணுவம் தன் ஆவணங்களைப் பெருமளவில் எரித்தது, தப்பியவை சிலவே. அவற்றுள் ஒன்று 20-ஆம் காலாட்படைப் பிரிவின் நான்காம் கம்பெனியின் ஏடு. 1937 டிசம்பர் 14 அன்று, தோற்றுச் சிதறிய படையினர் 328 பேரைச் சுட்டுக் கொன்று புதைத்ததாக அது பதிவு செய்கிறது. அந்த எண் தவிர அங்கே வேறு விவரமில்லை, வெறுப்பில்லை, பெருமையும் இல்லை. நாட்குறிப்பு எழுதும் பழக்கமே இல்லாத ஓர் அலுவலகம் தன் கடமையைச் செய்திருக்கிறது.

இவ்விடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். முன்னாள் படை அதிகாரிகளின் சங்கமான கைகோஷா, 1984-இல் தன் மாத இதழின் வழியே நான்ஜிங் பற்றித் தன் உறுப்பினர்களின் சாட்சியங்களைத் திரட்டத் தொடங்கியது. படுகொலைக் குற்றச்சாட்டை மறுப்பதே நோக்கம். வந்த கடிதங்களும் குறிப்புகளும் வேறுவிதமாக இருந்தன. 1985 மார்ச்சில், அப்பணியின் நிறைவாகக் கட்டுரை எழுதிய கட்டோகாவா கோடாரோ, சீன மக்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார். தோழர்களின் நன்மதிப்பைக் காக்கத் தொடங்கியவர்கள், தோழர்கள் எழுதியதையே படித்து அந்நிலைக்கு வந்தார்கள். இதைப் படித்தபோது, அந்த மாணவரின் ஏமாற்றத்துக்குரிய விடையில் பாதி நமக்குக் கிடைத்துவிட்டது.

மறுபாதி ஃபுகுஷிமாவிலிருந்து வந்தது. நான்ஜிங்கின் வடக்கே முஃபு மலையருகே 65-ஆம் காலாட்படைப் பிரிவிடம் பல்லாயிரம் சீன வீரர் சரணடைந்தனர். அவர்கள் 14,777 பேர் என்று அன்றைய ஜப்பானிய நாளிதழே எழுதியது. அவர்களை ஆற்றங்கரைக்குக் கொண்டுசென்று இரவில் விடுவிக்க முயன்றதாகவும், அவர்கள் கலகம் செய்ததால் வேறுவழியின்றிச் சுட்டதாகவும் போருக்குப் பின் அதிகாரிகள் நினைவுகூர்ந்து எழுதினர். அக்கதை முப்பது ஆண்டுகள் நிலைத்திருந்தது. ஓனோ கென்ஜி என்னும் தொழிற்சாலைத் தொழிலாளி, வேலை முடிந்த நேரங்களில் அப்பிரிவின் முதிய வீரர்களைத் தேடிச் சென்றார். பெட்டியடியில் கிடந்த குறிப்பேடுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெற்றார். 1996-இல் வேறு இருவரோடு சேர்ந்து அவற்றைப் பதிப்பித்தார். பல்கலைக்கழகம் எதுவும் அவரை அனுப்பவில்லை. அந்த முதியவர்களின் வீட்டுக் கதவைத் தட்டியபோது என்ன சொல்லித் தட்டியிருப்பார் என்று நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

அக்குறிப்பேடுகள் ஒன்றோடொன்று முழுதும் ஒத்துப்போவதில்லை. கொல்லப்பட்டோர் தொகையை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் எழுதியிருக்கின்றனர்; இருளில் நின்றவர் எண்ணிய எண்ணிக்கை அது. இவ்வேறுபாட்டைக் காட்டி எல்லாவற்றையும் தள்ளுவோர் உளர். நமக்கோ அவை ஒத்துப்போயிருந்தால்தான் ஐயம் எழுந்திருக்கும். கூடிப் பேசி எழுதியவர்களே தொகையில் ஒத்துப்போவார்கள். தொகையில் மாறுபடுபவர்கள் நிகழ்வில் மாறுபடவில்லை. கட்டளைப்படி கைதிகளை அழைத்துச் சென்றோம், சுட்டோம், மறுநாள் உடல்களை அப்புறப்படுத்தினோம் என்பதில் ஒன்றுபடுகின்றனர். விடுவிக்கச் சென்றோம் என்பது அன்றாடக் குறிப்புகளின் குரலன்று. அது பின்னாளைய நினைவின் குரல்.

இறந்தவர் எழுதியதைத் திருத்துவதில்லை என்பதும் ஒரு தனிச் செய்தி. பசிபிக் போரில் அமெரிக்கப் படையினர் நாட்குறிப்பு எழுதத் தடை இருந்தது. எதிரி கையில் சிக்கினால் இரகசியம் போய்விடும் என்று அஞ்சினர். ஜப்பானிய வீரர்களுக்கோ புத்தாண்டில் குறிப்பேடு வழங்கி எழுதத் தூண்டினார்கள். களத்தில் வீழ்ந்தவர்களின் சட்டைப் பையிலிருந்து எடுக்கப்பட்ட அவ்வேடுகளை மொழிபெயர்க்கும் பணியில் இருந்தவர்களுள் ஒருவர், பின்னாளில் ஜப்பானிய இலக்கிய அறிஞராகப் புகழ்பெற்ற டோனால்ட் கீன். தொடக்கத்தில் மேலதிகாரி படிக்கக்கூடும் என்று முழக்கமாக எழுதத் தொடங்கியவர்கள், பசியும் நோயும் வந்த பின் எளிய மனிதராய் எழுதியதை அவர் கண்டார். முழக்கத்திலிருந்து முனகலுக்கு மாறும் அந்த இடத்தை எந்தப் போலியாளனாலும் எளிதில் செய்துவிட முடியாது. உயிரோடு திரும்பியவருக்கோ திருத்துவதற்கு ஆண்டுகள் கிடைக்கின்றன. அசுமாவுக்கு நேர்ந்தது அதுவே.

அசுமா பொய்யரா? அப்படிச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. சொல்லும் தகுதியும் நமக்கில்லை. அவர் தம் கைகள் செய்ததையும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர். தம் தோழர்களின் வெறுப்பைச் சுமந்தவர். குற்றவுணர்வால் உந்தப்பட்டவர் சில வேளைகளில் தாம் செய்யாததையும் பிறர் செய்யாததையும் சேர்த்துச் சொல்லிவிடுவதை, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து பழகிய எவரும் அறிவர். அது பொய்யன்று, சான்றும் அன்று. தவறு நம்முடையது. மனம் வருந்திய ஒருவரின் சொல்லை, வருத்தத்தின் ஆழத்துக்காகவே சான்றாக எடுத்துக்கொண்டோம்.

அடுத்த மாதம் அதே மன்றத்தில் நாம் பேசியதைத் திருத்திக்கொண்டோம். தபால் பை நிகழ்ச்சியை இனி எடுத்துச் சொல்ல வேண்டாம் என்றும், நீதிமன்றம் அந்த ஒரு செயலைப் பற்றி மட்டுமே தீர்ப்புக் கூறியது என்றும் விளக்கினோம். பிறகு நான்காம் கம்பெனியின் ஏட்டில் டிசம்பர் 14-க்குரிய செய்தியை எடுத்துச் சொன்னோம். அது சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. அன்றுபோல் மன்றம் உறைந்துவிடவில்லை. பின் வரிசையில் ஒருவர் இருமினார், வெளியே மோட்டார் வண்டி ஒன்று சென்றது. அந்த மாணவர் எழுந்து, “அந்த 328 பேருடைய பேர் எங்கேயாவது எழுதியிருக்கா சாமி?” என்று கேட்டார்.

இல்லை, அந்த ஏட்டில் எண் மட்டும்தான் இருக்கிறது என்றோம்.